கண்டி மாவட்டத்துப் பிள்ளை

வெட்டுப்புள்ளி வெளியான அன்று நான் கெலிஓயாவில் எங்கள் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தங்கச்சிதான் என் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, வந்துருச்சு, வந்துருச்சு, கையக் கழுவு" என்று கத்தினாள். நான் கையைக் கழுவவில்லை. தேங்காய்ப்பூ ஒட்டிய விரலாலேயே திரையைத் தள்ளினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் நாட்டில் பாடசாலை முடிவில் எழுதுகிற ஏ.எல். பரீட்சையில் நீங்கள் எடுத்த மார்க்ஸை எல்லாம் கடைந்து, கடைசியில் ஒரு சின்னத் தசம எண்ணாக்கிக் கையில் தருவார்கள். அதற்கு இசட் புள்ளி என்று பெயர். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று பிறகு ஓர் அட்டவணை வரும், அதுதான் வெட்டுப்புள்ளி. உங்கள் எண் உங்கள் மாவட்டத்தின் கோட்டைத் தாண்டினால் பல்கலைக்கழகம். தாண்டாவிட்டால் சொந்தக்காரர்களின் ஆறுதல்.

சட்டபீடம் என்ற நிரலைப் பிடித்துக்கொண்டு கண்டி என்ற வரிக்கு வந்தேன். என் எண் அதற்குக் கீழே இருந்தது. நிறையக் கீழே இருந்திருந்தால் ஒரு பாட்டம் அழுது முடித்திருப்பேன். தசமத்துக்குப் பின்னால் மூன்றாவது இலக்கத்தில், மயிரிழையில் போயிருந்தது. சரி, போகட்டும் என்று போனை வைக்கப்போனேன். அப்போதுதான் கண் தன்பாட்டில் அடுத்த வரிக்கு இறங்கியது. கண்டிக்கு அடுத்த வரி நுவரெலியா. அந்த வரியில் இருந்த எண்ணை நான் தாண்டியிருந்தேன். தாராளமாகவே தாண்டியிருந்தேன்.

நான் பிறந்தது நுவரெலியா மாவட்டத்தில்.

கம்பளையிலிருந்து மேலே ஏறும் பாதையில் போய், மாவட்ட எல்லைப் பலகையையும் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் ஒரேயடியாக மூட்டையைக் கட்டினார். கெலிஓயாவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, கடைக்குப் பின்னால் வாடகைக்கு இரண்டு அறை, கண்டி டவுனில் பெயர் பெற்ற பெண்கள் பாடசாலையில் எனக்கு இடம். அந்த இடத்துக்காக அவர் ஏறி இறங்கிய படிகளைப் பற்றி அம்மா இன்றும் சொல்வாள். தோட்டத்தில் அவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் மரக்கறித் தோட்டமும், வேலை முடிந்தால் கரம் விளையாட நாலு சிநேகிதர்களும் இருந்தார்கள். கெலிஓயாவில் அவருக்கு ஆணியும் தகரமும் சிமெந்துத் தூசியும்தான். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் முனகியதில்லை. ஏனென்றால் கல்யாண வீடுகளில் அவர் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. யாரைக் கண்டாலும் "ஒங்க புள்ள எங்க படிக்குது?" என்று ஆரம்பிப்பார். அவர்கள் சொல்லும் பதில் அவர் காதில் ஏறாது. அவர்கள் திருப்பிக் கேட்பதற்காகக் காத்திருப்பார். கேட்டதும், "நம்மது கண்டியில" என்பார்.

ஆனால் கண்டியில் படித்த பிள்ளை கண்டி மாவட்டத்துப் பிள்ளை. கடைசி மூன்று வருடம் எந்த மாவட்டத்தில் படித்தாயோ அந்த மாவட்டத்தின் வரிசையில்தான் நிற்க வேண்டும். நல்ல பாடசாலைகள் குவிந்திருக்கும் மாவட்டத்தில் கோடு உயரத்தில் இருக்கும். நாங்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில் கோடு தாழ்ந்திருக்கும். என்னைத் தோட்டத்திலேயே விட்டிருந்தால், அதே மண்டையோடு அதே மார்க்ஸை எடுத்திருந்தால், நான் சட்டபீடத்துக்குள் போயிருப்பேன். அதே மார்க்ஸை அங்கே எடுத்திருப்பேனா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் என்னையே கேட்காத நாள் இல்லை.

என் பெறுபேறுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவை மேடும் பள்ளமுமானவை. பதினோராம் வகுப்பில் எழுதுகிற ஓ.எல்.லில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் 'ஏ'. இங்கிலிஷில் மட்டும் 'எஸ்', அதாவது தட்டுத்தடுமாறிப் பாஸ். பிறகு அப்பாவின் ஆசைக்காக உயிரியல் பிரிவு எடுத்தேன். தவளையை அறுக்கச் சொன்னால் மயங்கி விழுகிற என்னை டொக்டராக்கப் பார்த்தார்கள். இரசாயனவியலில் 'எஃப்' விழுந்தது. அதன் பிறகு எனக்கே புத்தி வந்து கலைப்பிரிவுக்கு மாறினேன். தமிழ், அரசறிவியல், அளவையியல். அளவையியல் எனக்கு விளையாட்டு மாதிரி இருந்தது. இது உண்மையென்றால் அது உண்மை, அது பொய்யென்றால் இதுவும் பொய் என்று கட்டிக்கொண்டு போகும் அந்தச் சுகத்தில்தான் சட்டம் படிக்கும் ஆசை பிடித்தது. இரண்டு 'ஏ', ஒரு 'பி' வந்தது. ஆனால் உயிரியலில் குப்புற விழுந்ததும் ஒரு தடவையாகவே கணக்கு. பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவைதான் முயலலாம். எனக்கு மிச்சமிருந்தது ஒன்று.

ரிசல்ட்ஸ் வந்ததிலிருந்து வெட்டுப்புள்ளி வரும் வரை ஊரில் எல்லோருமே சாத்திரக்காரர்கள். "ரெண்டு ஏ பி-க்கு லோ கெடைக்கும்" என்றார் டியூஷன் சேர். "கண்டியில கஷ்டம்" என்றார் அவருடைய தம்பி. "போன வருசம் எங்க அக்கா மகளுக்குக் கெடச்சுது, அதுக்கு மூணு பி" என்றார் பாடசாலைக்கு எங்களை ஏற்றிப்போன த்ரீவீலர் அண்ணன். விசாரித்துப் பார்த்தால் அந்த மகளுக்குக் கிடைத்தது சட்டம் இல்லை, ஏதோ கணினி டிப்ளோமா. இத்தனை பேர் பேசினார்களே, மாவட்டம் என்ற ஒன்றைப் பற்றி ஒருவரும் எங்கள் வீட்டில் வாய் திறக்கவில்லை. எனக்கு அது தெரியும். அப்பாவுக்கு அப்போது தெரியாது.

இந்தக் கதையில் இன்னொருத்தி இருக்கிறாள். அப்பாவின் தங்கையின் மகள், என்னைவிட ஒரு வயது இளையவள். முறைப்படி என்னை மதினி என்று கூப்பிட வேண்டும், வாய்க்கு வந்தது அக்காதான். அவர்கள் இன்னும் அதே தோட்டத்தில் இருக்கிறார்கள். அவளும் கலைப்பிரிவு, நான் இரண்டாம் தடவை எழுதிய அதே வருடம் அவளுக்கு முதல் தடவை. அவளுடைய பாடசாலையில் அரசறிவியலுக்கு ஆசிரியர் இல்லை. அளவையியலுக்கு ஒருவர் இருந்தார், மாற்றலாகிப் போய்விட்டார். அதனால் கண்டி டியூஷனில் நான் எழுதுவதையெல்லாம் படம் பிடித்து அவளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். விளங்காவிட்டால் கோல் எடுப்பாள். சிக்னலுக்காக, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளுக்கு மேலே உள்ள தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்றுகொண்டுதான் பேசுவாள். மழை வந்தால் பாடம் பாதியில் நின்றுவிடும்.

அவளுக்குச் சட்டபீடம் கிடைத்தது. என்னைவிடக் குறைந்த புள்ளிக்கு.

அன்று மாலையே அத்தை கோல் எடுத்தாள். அழுகையும் சிரிப்புமாக, "மருமகளே, எல்லாம் ஒன் புண்ணியம்டி. நீ இல்லாட்டி இந்தக் கழுதை எங்க தேறும்?" என்றாள். நான் சந்தோஷம் அத்தை, சந்தோஷம் அத்தை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பொய்யில்லை, சந்தோஷம் இருந்தது. அதற்கு அடியில் வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா போனை வாங்கித் தன் தங்கச்சியை வாழ்த்தினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவளவிட ஒனக்குக் கூடத்தானே பாப்பா?"

"ஆமாப்பா."

"அப்புறம் எப்படி அவளுக்குக் கெடச்சுது?"

"அவ ஃபோம்ல போட்ட ஒழுங்கு வேறப்பா. எந்த யுனிவர்சிட்டிய மொதல்ல போடுறோம்கிறதுல இருக்கு. நான் தப்பாப் போட்டுட்டேன்."

வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார், அல்லது நம்பினார் என்று நினைத்தேன். வேறு என்ன சொல்வது? நீங்கள் எங்களைக் கண்டிக்குக் கூட்டி வந்ததுதான் காரணம் என்றா? கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிற மனுஷனிடம், உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த ஒரே பெரிய காரியம்தான் என்னைக் கவிழ்த்தது என்று எப்படிச் சொல்வது? என்ன ஆனாலும் இது அவருக்குத் தெரியக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதிலிருந்து என் வேலை படிப்பதல்ல, காவல் காப்பது.

காவல் காப்பது லேசாக இல்லை. காரணத்தைச் சொல்லாவிட்டால் குற்றவாளி நான்தானே. "போன நோண்டிக்கிட்டே இருந்தா லோ எப்படி வரும்?" என்பார். "ஒழுங்கா ஃபோம்கூடப் போடத் தெரியல, கண்டியில படிச்சு என்ன?" என்பார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். அம்மா நடுவில் வந்து, "விடுங்க, புள்ள ஏற்கனவே நொந்து கெடக்கு" என்பாள். சில நேரம் திரும்பி நின்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாமா என்று இருக்கும். சொல்லவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒரு விஷயத்தை ஒளித்து வைப்பதைவிட ஒரு மாட்டை ஒளித்து வைக்கலாம்.

மலையகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் ஊரே மேடை கட்டும். கோயில் முன்றலில் பந்தல், பெரிய பெனரில் பிள்ளையின் படம், பொன்னாடை, மாலை, பேச்சு, பேச்சுக்கு மேல் பேச்சு. அத்தை மகளுக்கும் வைத்தார்கள். 'எமது தோட்டத்தின் முதலாவது சட்டத்தரணி' என்று பெனர். அவள் இன்னும் பல்கலைக்கழக வாசலைக்கூட மிதிக்கவில்லை. "ஏன்டி, பட்டம் வாங்குன பொறவு என்ன போடுவாங்க?" என்று காதில் கேட்டேன். "அக்கா, சிரிக்க வைக்காத, மேக்கப் கலஞ்சிரும்" என்றாள். நல்ல பிள்ளை. அவளை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

என்னையும் மேடையில் ஏற்றினார்கள். அத்தைதான் பிடிவாதமாக நின்றாள். "அவ குடுத்த பாடத்துலதான் இவ படிச்சா, அவளுக்கும் மாலை போடணும்" என்று கமிட்டிக்காரர்களோடு சண்டை பிடித்தாளாம். அப்பாவுக்கும் எனக்குப் பக்கத்திலேயே ஒரு கதிரை. மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேறாத பிள்ளைக்கு மேடையில் மாலை போட்ட ஒரே தோட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பிரதம விருந்தினர் ஓய்வு பெற்ற ஒரு பிரின்சிபல். நன்றாகத்தான் தொடங்கினார். தேயிலை, கொழுந்து, எமது சமூகம், கல்வி ஒன்றே வழி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க இருக்கிற பெற்றோர் சில பேருக்கு ஒரு விசயம் தெரியல. நம்ம மாவட்டத்துக்குன்னு தனியா ஒரு வெட்டுப்புள்ளி இருக்கு. நெறயப் பேரு புள்ளைங்கள கண்டிக்கும் கொழும்புக்கும் அனுப்புறாங்க..." என்று ஆரம்பித்தார். நான் உடனே அப்பாவின் பக்கம் சாய்ந்து, "அப்பா, மயக்கம் வர்ற மாதிரி இருக்கு, கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து படியிறங்கிப் போனார். அவர் தண்ணீரோடு வருவதற்குள் பிரின்சிபல் மாணவர் ஒழுக்கம் என்ற பேச்சுக்கு வந்துவிட்டிருந்தார். அப்பாடா என்று நான் அந்தத் தண்ணீரை முழுவதும் குடித்தேன்.

அதோடு முடியவில்லை. பெற்றோர் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று அத்தை கணவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மைக் என்றால் காய்ச்சல். அப்பாவைத் தள்ளிவிட்டார். அப்பா மைக்கைக் கையில் வாங்கினார். பிறகு, "என் தங்கச்சி மகளுக்குக் கெடச்சிருச்சு. சந்தோசம். அடுத்த வருசம் என் மகளும் சட்டத்துக்குப் போவா. இதே எடத்துல மேடை போடுவோம். எல்லாரும் வரணும்" என்றார். பந்தல் முழுக்கக் கைதட்டல். நான் குனிந்து மாலையில் இருந்த பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு இன்னோர் இடம் கிடைத்திருந்தது. கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம். போனால் மூன்று வருடத்தில் ஒரு பட்டம், பிறகு ஆசிரியர் வேலை, மரியாதையான வாழ்க்கை. ஆனால் ஒரு தடவை பதிந்துவிட்டால் சட்டபீடத்துக்கு மறுபடி முயல முடியாது. எனக்குப் போகத்தான் மனசு. வீட்டைவிட்டு, கெலிஓயாவைவிட்டு, போனைப் பற்றிய அந்தப் பேச்சைவிட்டு எங்கேயாவது போனால் போதும் என்றிருந்தது. விழா முடிந்து வந்த பஸ்ஸில், "அப்பா, அந்த ஆர்ட்ஸுக்கு..." என்று தொடங்கினேன். "ஊர் முன்னாடி சொல்லிட்டேனே பாப்பா" என்றார். அவ்வளவுதான். பதிவு செய்யும் நாள் வந்தது, போனது. நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அரசறிவியல் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தடவை எழுதினேன். பயந்து பயந்து எழுதினால் எப்படி வரும்? அளவையியலில் 'சி'. இந்த முறை கண்டிக் கோடு எட்டாத உயரத்தில் இருந்தது, நுவரெலியாக் கோடும் எனக்கு மேலேதான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இனி யாராவது அப்பாவிடம் மாவட்டக் கதையைச் சொன்னாலும், இல்லைப்பா, அங்கேயும் கிடைத்திருக்காது, பாருங்கள் என்று காட்டலாம். தோற்றதற்குச் சந்தோஷப்படுகிற நிலைக்கு வந்திருந்தேன்.

பல்கலைக்கழக வாசல் மூடிவிட்டது. மிச்சம் கொழும்பில் தனியாக இருக்கும் சட்டக் கல்லூரி. அதற்கு நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். அதை எழுதுவதற்கே ஓ.எல். இங்கிலிஷில் 'சி' வேண்டும். என்னிடம் இருந்ததோ அந்தப் பழைய 'எஸ்'. ஆகவே பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சையை இருபத்திரண்டு வயதில் மறுபடி எழுதினேன். கண்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்குத் தனி இடம். எனக்கு முன்னால் ஓர் இளம் பிக்கு, பக்கத்தில் காவல் வேலை உடுப்போடு ஒரு மாமா, பின்னால் பிள்ளையை வெளியே மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்த ஒரு பெண். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, மிருகக்காட்சிச் சாலைக்குப் போன ஒரு சிறுவனைப் பற்றிக் கட்டுரை எழுதினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பகலில் கண்டியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை. டைப் செய்வேன், தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் சொல்வதைச் சேருக்குச் சிங்களத்தில் சொல்வேன், சேரின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் வரைக்கும் பின்னாலேயே போவேன். வழக்குக்கு வருகிறவர்கள் "லோயரம்மா" என்று கும்பிடுவார்கள். முதலில் இல்லை இல்லை என்று மறுத்தேன். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அத்தை மகள் வாரம் ஒரு தடவை கோல் எடுப்பாள். விரிவுரை எல்லாம் இங்கிலிஷில், பாதி விளங்கவில்லை என்று புலம்புவாள். "நீயும் வந்திருந்தா எவ்வளவு நல்லாருக்கும் அக்கா" என்பாள். அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது. அவள் பாடசாலையில் ஆசிரியர் இல்லாததற்காக அவளுக்குத் தாழ்ந்த கோடு. அது நியாயம். எனக்கு ஆசிரியர்கள் இருந்ததால் உயர்ந்த கோடு. அதுவும் நியாயம். எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும் என் வழக்கு தோற்றுப்போகும். அதுதான் என்னை மூச்சு முட்ட வைத்தது. ஒருவன் அநியாயம் செய்திருந்தால் அவனைத் திட்டிக்கொண்டாவது காலத்தை ஓட்டியிருப்பேன்.

இங்கிலிஷில் 'சி' வந்தது. நுழைவுப் பரீட்சையையும் போய் எழுதினேன். முதல் தடவை கிடைக்கவில்லை. மறுபடி எழுதுவேன். இதெல்லாம் நடந்து முடிந்த ஒரு மாலையில்தான் அப்பா அந்தப் பேச்சை எடுத்தார்.

தங்கச்சி பத்தாம் வகுப்பு முடிக்கிற சமயம். அவளும் நான் படித்த அதே கண்டிப் பாடசாலை. பாண்ட் வாத்தியக் குழுவில் டிரம் அடிப்பாள், வீட்டில் மேசையைக்கூட விடமாட்டாள். டொக்டரும் வேண்டாம், லோயரும் வேண்டாம், கணக்கியல் படித்து ஒரு பேங்கில் ஏசி அறையில் உட்காருவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அன்று அப்பா கடையிலிருந்து வந்து முகம் கழுவிக் கதிரையில் உட்கார்ந்தார். பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"சின்னத வர்ற வருசம் என் தங்கச்சி வீட்டுல விடலாம்னு இருக்கேன். அங்கயே படிக்கட்டும்."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னங்க பேசுறீங்க? கண்டி ஸ்கூல விட்டுட்டா? அங்க டீச்சரே இல்லைங்கிறாங்க."

அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். "பாப்பா, கடைசி மூணு வருசம் அங்க படிச்சாப் போதும்தானே? நுவரெலியாக் கணக்குல எடுத்துக்குவாங்கதானே?"

"யாருப்பா சொன்னா?"

"கடைக்கு வர்ற ஒரு ஸ்கூல் மாஸ்டர். வீடு கட்டுறாரு. தகரம் எடுக்க வந்தப்ப ஒன்னப் பத்திச் சொன்னேன். அவருதான் வெளக்கமாச் சொன்னாரு."

"எப்ப?"

"அந்தக் கோயில் விழாவுக்கு முந்துன வாரம்."

மேடையில் தண்ணீர் கேட்டபோது மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனாரே, அது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. பிரின்சிபல் அடுத்து என்ன சொல்வார் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தெரிந்துகொண்டேதான் எழுந்து போயிருக்கிறார்.

"தெரிஞ்சுக்கிட்டா மைக்குல அப்படிச் சொன்னீங்க?" என்றேன். குரல் ஏறிவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டா என்னை ஆர்ட்ஸுக்குப் போகவிடாம வச்சீங்க? போன நோண்டுறேன், போன நோண்டுறேன்னு அத்தன நாள் திட்டினீங்களே?"

"ஊரே கைதட்டுது, நீ மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்க. பாக்க முடியல பாப்பா. நான்தானே ஒன்ன இங்க கூட்டியாந்தேன். எப்படியாச்சும் ஒனக்கு லோ கெடச்சுட்டா, நான் செஞ்சது தப்பில்லைன்னு ஆயிரும்னு நெனச்சேன்." காலைத் தூக்கி முன்னால் இருந்த கதிரையில் வைத்தார். "திட்டுனது... ஒன் மேலதான் தப்புன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அப்படியே ஆயிராதான்னுதான்."

கோபமா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. இத்தனை வருடமும் அந்த இரண்டு அறைக்குள் ஒரே விஷயத்தை அவரிடமிருந்து நானும், என்னிடமிருந்து அவரும் ஒளித்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். என் கலைப்பீடம் அதில் போனது. அவர் நிம்மதியும் அதில்தான் போயிருக்கிறது. திட்டித் தீர்க்க எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். எதிரே வீங்கிய காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"சின்னதுக்கிட்டக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒன்கிட்டக் கேட்டா கூட்டியாந்தேன்?" என்றார்.

மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார், மூணு வருசம் போதும்தானே என்று. போதும்ப்பா என்றேன். உண்மை அதுதானே. என் வாயால் அதைச் சொன்னதும் விஷயம் முடிவாகிவிட்டது.

தங்கச்சி ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு எழுந்து தன் உடுப்புகளை அடுக்கினாள். புதிய தவணை தொடங்குவதற்கு முந்தைய நாள் நானும் அப்பாவும்தான் அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனோம். அத்தை வாசலிலேயே காத்திருந்தாள், கோழி அடித்திருந்தாள். சாப்பிட்டோம். அத்தை மகளின் மேசை, அவள் படுத்த கட்டில் எல்லாம் துடைத்துத் தயாராக இருந்தன. அப்பா கட்டிலை அசைத்துப் பார்த்தார், யன்னல் கொளுவியைப் பார்த்தார், ஒரு ஆணி தளர்ந்திருக்கிறது, அடுத்த தடவை கொண்டு வந்து அடித்துத் தருகிறேன் என்றார்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாங்கள் செருப்பைப் போடும்போது தங்கச்சி வாசலில் வந்து நின்றாள். அவள் அழவில்லை. அப்பாவைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, ஒனக்குக் கெடைக்கலைங்கிறதுக்கு நான் எதுக்கு இங்க இருக்கணும்?"

சட்டம் படிக்க வேண்டும் என்று இத்தனை வருடம் அலைந்தவள் நான். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.